பத்துப் புலங்கள்

முதல் வாரம் முழுக்க
என் இமைமயிரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
குறிப்பேட்டில் வரைந்தும் வைத்தேன்:
கறுப்பு, வளைந்தது, தானாக அசைகிறது.
ஷோல்ட்டோ சிரித்த சிரிப்பில்
கையுறைப் பெட்டி கவிழ்ந்தது.
அவன் மட்டும் என்ன,
காற்றுக்குமிழி ஒன்றைப் புழுமுட்டை என்று
மூன்று நாள் கொண்டாடியவன்.

லெர்விக்கில் ஜூன் மாதம் இருட்டுவதில்லை.
நள்ளிரவிலும் சன்னலில்
நீர்மோர் போல ஒரு வெளிச்சம்.
இந்தக் கருவிக்கு அது போதாது,
மேடைக்கு அடியில் தனி விளக்கு கேட்கும்.

மேடையை உயர்த்தும்போது
கண்ணை வில்லையில் வைக்கக் கூடாது.
பக்கவாட்டில் குனிந்து,
வில்லைக்கும் கண்ணாடிக்கும் நடுவே
ஒரு தாள் நுழையுமளவு விட்டு நிறுத்தி,
பிறகுதான் பார்க்க வேண்டும்,
விலகிக்கொண்டே.
நெருங்கும்போது பார்த்தால் உடையும்,
விலகும்போது பார்த்தால் தெரியும்.
சுவரில் ஒட்டிய விதிமுறைத் தாளில்
யாரோ இதைப் பச்சை மையால் அடிக்கோடிட்டிருந்தார்கள்.

வலப்பக்கம் தள்ளினால்
இடப்பக்கம் ஓடுகிறது அந்த உலகம்.
விரல்கள் அதற்குப் பழகிய வாரத்தில்
சைக்கிளிலிருந்து இரண்டு முறை விழுந்தேன்.

ரத்தம் பூசுவது வேறு வித்தை.
இரண்டாம் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து
துளியைத் தொடும்வரை பின்னால்,
துளி ஓரத்தில் பரவியதும்
ஒரே வீச்சில் முன்னால்.
நடுவில் யோசித்தால் வரிவரியாகிவிடும்.
நாற்பத்தொரு கண்ணாடிகள் குப்பைக்குப் போயின.
நாற்பத்திரண்டாவதில்
நாக்கு வடிவில் ஒரு பூச்சு,
நுனியில் இறகுபோல் கலையும் விளிம்பு.
யாருடைய ரத்தம் என்றுகூடப் பார்க்காமல்
ஷோல்ட்டோவுக்குப் படம் அனுப்பினேன்.

நேற்று மாலை டிர்ரிக் வந்தாள்,
பிரெஸ்ஸே தீவிலிருந்து படகேறி.
ஆடு மேய்க்கும் நாய்.
ஈறெங்கும் ஊசி குத்தியது போலச் செம்புள்ளிகள்,
அடிபடாத வயிற்றில் நீலம்.
எஸ்தர் ரத்தம் எடுத்து முடிக்கவும்
அன்ஸ்ட்டிலிருந்து அழைப்பு வரவும் சரியாக இருந்தது:
ஒரு மட்டக்குதிரைக்குக் குட்டி சிக்கிக்கொண்டதாம்.
"பூசு. தட்டணு எண்ணு. பத்துப் புலம்.
எண்ணிவிட்டுக் கூப்பிடு."
வேன் கிளம்பிவிட்டது.

வெளிர்நீலம், சிவப்பு, ஊதா,
மூன்று ஜாடியிலும் ஐந்தைந்து முக்கு.
காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு
நூறு மடங்கு வில்லையைத் திருப்பினேன்.
ஒரு புலத்துக்குப் பத்தாவது இருக்க வேண்டும்
அந்த ஊதாத் தூள்.

முதல் புலத்தில் ஒன்று.
இரண்டாவதில் இல்லை.
மூன்றாவதில் இருந்தது வண்ணக் கசடு.
இல்லை.
இல்லை.

விளிம்புக்கு ஓடினேன்.
எல்லாம் அங்கே கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால்
என் கணக்கு பொய்.
பொய்யாகட்டும் என்று
இறகின் ஒவ்வொரு கீற்றாகத் தேடினேன்.
அவ்வளவு சுத்தமான பூச்சு
அதுவரை நான் பூசியதே இல்லை.

நோய்க்குப் பெயர் சொல்லும் உரிமை
என் படிப்புக்குக் கிடையாது.
எண்ணலாம், எழுதலாம்,
பார்த்த இடத்தை வெர்னியரில் குறித்துவைக்கலாம்,
இன்னொருவர் வந்து அதே இடத்தில் பார்க்க.

வாசலில் ராஸ்மி, தொப்பியைக் கையில் பிடித்தபடி.
"ஏதாவது தெரியுதா?"
பெயர் நாக்கு வரை வந்துவிட்டது.
"எண்ணிக்கிட்டிருக்கேன்" என்றேன்.
உடனே ஓரடி பின்வாங்கினார்.
"எண்ணு, எண்ணு.
மந்தையை எண்ணும்போது
நானும் யாரையும் பேச விடமாட்டேன்."
கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு போனார்.

மூன்று தடவை எண்ணினேன்.
மூன்று தடவையும் பத்துப் புலத்துக்கு நான்கு.

தொலைபேசியில் எண்ணை மட்டும் சொன்னேன்.
மறுமுனையில் படகு எஞ்சினின் இரைச்சல்.
கொஞ்ச நேரம் அதுவே.
பிறகு எஸ்தர்,
"விளிம்பைப் பார்த்தியா?" என்றாள்.